மின்வண்டி யாருக்காக?

(கஹவத்தைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்வண்டியைப் பற்றிப் பேசத் தோட்டத் தொழிலாளருக்கு என்ன உரிமை என்று கேட்போர் உளர். காலநிலை கெட்டுப் பெருமழை பொழிந்தால், முதலில் சரிவது நமது லயத்து மண்ணே. அதுவே நமது உரிமைச் சீட்டு!

2022ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? எண்ணெய் வாங்க டொலர் இன்றி நாடே வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் பங்கீடு வந்தபோது, காருக்கு வாரம் 20 லீற்றர்; முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது எந்த வண்டி? பங்கிட்டவர்கள் அதனைச் சிந்தித்தார்களா?

எண்ணெய்க்கு நாடு அடிமையாய்க் கிடத்தல் ஆகாது. மின்வண்டி வரட்டும், வரவேற்கிறோம். ஆனால், எவருக்கு முதலில் என்பதே கேள்வி. 2015இல் வரிச் சலுகை பெற்று வந்திறங்கியவை மின்கார்கள். அச்சலுகை, கார் வாங்க வல்லவரையே சேர்ந்தது. சவர்க்காரம் வாங்கும்போதும் வரி செலுத்துகிறாள் கொழுந்து பறிக்கும் பெண். அவள் பணத்தில் பிறருக்குச் சலுகையா?

புகையில்லா வண்டி என்கின்றனர். இந்நாட்டு மின்சாரத்தில் மலைநாட்டு நீரின் பங்கும் உண்டு. நுரைச்சோலை நிலக்கரியின் பங்கும் உண்டு. நிலக்கரியால் ஏற்றிய மின்கலம் புகையை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது.

அம்மின்கலத்துக்கு வேண்டிய காரீயம், பென்சிலில் உள்ள அதே பொருள், நமது சப்ரகமுவ மாகாணத்தின் போகலச் சுரங்கத்திலும் கிடைக்கிறது. கோபால்ட்டோ பெரும்பாலும் கொங்கோ நாட்டில் கிடைப்பது. அங்கே சிறுவரும் மண் தோண்டுகின்றனர். இரத்தினக்கற் குழிகளைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கல்லின் விலை வேறு. தோண்டியவன் கூலி வேறு!

சப்ரகமுவப் பல்கலைக்கழக ஆய்வாளர்களை அன்புடன் அழைக்கிறோம். வண்டிகளை எண்ணுவதோடு நில்லாதீர்கள். லயங்களுக்கு வாருங்கள். ஒருநாட் கூலியில் பயணத்துக்குப் போவது எவ்வளவு, பஸ் வராத நாளில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அக்கணக்கின் மேல் கொள்கை எழட்டும்.

நமது கோரிக்கை தெளிவானது. முதற் சலுகை, தோட்டப் பாதையில் ஓடும் மின்பஸ்ஸுக்கு! அடுத்தது, கூலிக்கு ஓடும் முச்சக்கர வண்டியை மின்வண்டியாக மாற்றும் ஏழைத் தோழனுக்கு! கார் அதன்பின் வரட்டும். காத்திருக்க அதற்கு வசதியுண்டு. நமக்கில்லை!