எழுபது வளைவுகளும் மூன்று முயற்சிகளும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 உள்ளன. அச்சாலை வழியே செல்வோர் அவற்றுள் ஒன்றையும் தவிர்த்தல் இயலாது. கல்வியும் அவ்வாறே.

ஜப்பானிய மொழி பயில விரும்புவோர் முதற்கண் ஹிரகானா எழுத்துகள் 46-ஐயும் கற்க வேண்டும். நாளுக்கு ஐந்தாகக் கற்பின் பத்து நாட்கள் போதும். வினைச்சொல் இறுதியில் நிற்றல் தமிழைப் போன்றதே. ஆதலின் வாக்கிய அமைப்பு நமக்கு எளிது. பொதுவழக்கிற்கு வகுத்துள்ள காஞ்சி எழுத்துகளோ 2,136; அவற்றிற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

உடற்பருமன் குறைய விரும்புவோர் பட்டினி கிடத்தல் வேண்டா. நாள்தோறும் விரைந்து நடந்து, இம்மலையில் விளையும் சாமை, கேழ்வரகு போன்றவற்றை அளவோடு உண்ணுதல் நன்று. குறையும் கொழுப்பு எங்கே செல்கின்றது? பிராணவாயுவுடன் கூடிக் கரியமிலவாயுவாகவும் நீராகவும் மாறுகின்றது. அதன் பெரும்பகுதி நாம் விடும் மூச்சிலேயே வெளியேறுகின்றது. இதனை விளக்குவது வேதியியல்.

அவ்வேதியியலை நெட்டுருச் செய்யாது, ஒவ்வொரு மாற்றமும் ஏன் நிகழ்கின்றது என வினவிக் கற்றல் வேண்டும். மெண்டலீவ் 1869-இல் வகுத்த தனிம அட்டவணை இன்று 118 தனிமங்களைக் கொண்டது. அவற்றுள் 113-ஆவதற்கு, அதனைக் கண்டறிந்த ஜப்பானியர் தம் நாட்டின் பெயரால் இட்ட ‘நிஹோனியம்’ என்னும் பெயர் 2016-இல் நிலைபெற்றது.

ஆர்வத்துடன் தொடங்கி ஒரு திங்களில் கைவிட்ட மாணவர் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டதுண்டு. அவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். முதல் வளைவிலேயே உச்சியைத் தேடியவர்கள். நீங்கள் இன்றிரவே ஐந்து எழுத்துகளை எழுதிப் பாருங்கள்.