திரும்பி வரும் வழியையும் பாருங்கள்

டிரெய்லர் விளக்குப் பழுது குறித்து, தோட்ட மண்டபத்தில் கூடிய டிராக்டர் ஓட்டுநர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பட்டறைத் தொழிலாளர் சார்பில் ஆற்றிய உரை



நாங்கள் மேடையேறிப் பேசிப் பழகியவர்கள் அல்லர். ஸ்பேனரும் திருப்புளியும் பிடித்துப் பழகிய கைகள் எங்களுடையவை. ஆகவே சொல்லில் குறையிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். பொருளை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். இன்று நாங்கள் பேச வந்தது டிரெய்லரின் பின்னால் எரிய வேண்டிய விளக்குகளைப் பற்றி. இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டோம். எங்கள் அலட்சியத்துக்கு வேறொருவர் விலை கொடுத்தார். அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

முன்பு நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. அன்று விடியற்காலையில் நல்ல மழை. மரம் காய்ந்து, தொழிலாளர்கள் வெட்டுக்குப் போகவே நேரமாகிவிட்டது. பாலை நிறுத்துத் தொட்டியில் ஊற்றி, டிரெய்லர் ஆலைக்குப் புறப்படும்போது மாலை 7 மணி தாண்டிவிட்டது. தோட்டத்து மண் சாலையைக் கடந்து பெரிய சாலையில் ஏறியதும் பின்விளக்குகள் அணைந்து போயின. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அது எப்படித் தெரியும்? பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் நம் பால்வெட்டுத் தொழிலாளி; பின் இருக்கையில் அவர் மனைவி. இருட்டில் தொட்டி தெரிந்தபோது இடைவெளி இல்லை. வண்டியைத் திருப்பிக் கால்வாயில் விழுந்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் அவருடைய வலது கை முறிந்தது. கத்தி பிடிக்கும் கை! பல வாரம் அந்த வீட்டில் வெட்டுக் கூலி இல்லை.

அந்த வாரத்தில் மட்டும் அதே டிரெய்லருக்கு நாங்கள் இரண்டு முறை பல்பு மாற்றியிருந்தோம். பட்டறை வாசலில் எரிந்தது. ‘சரி, போகலாம்’ என்று அனுப்பினோம். பல்பில் பழுதே இல்லை என்பதை மறுநாள்தான் கண்டுபிடித்தோம். பழுது எர்த் வயரில் இருந்தது.

தோழர்களே! இதுதான் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்தி. மின்சாரம் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போனால் மட்டும் போதாது. திரும்பிப் பேட்டரிக்கு வந்து சேர வேண்டும். நாம் எல்லோரும் போகும் வழியைப் பார்க்கிறோம். திரும்பும் வழியைப் பார்ப்பதில்லை. வால் விளக்குக்கு ஒரு வயர், பிரேக் விளக்குக்கு ஒரு வயர், சிக்னலுக்கு ஒரு வயர் என்று போகும் வழிகள் பல. திரும்பும் வழியோ ஒன்றே ஒன்று.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் வால் விளக்கு 5 வாட், பிரேக் விளக்கு 21 வாட், சிக்னல் 21 வாட் என்பது வழக்கம். இரவில் பிரேக் மிதித்துக்கொண்டு ஒரு பக்கம் சிக்னல் போட்டால் 10, 42, 21 ஆக மொத்தம் 73 வாட். ஏறக்குறைய 6 ஆம்பியர் மின்சாரம் அந்த ஒற்றை எர்த் வயர் வழியே திரும்ப வேண்டும். அந்த வயரின் முனையில் துருவேறி அரை ஓம் தடை ஏற்பட்டாலே 2 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே வீணாகிவிடும். விளக்கு மங்கும், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் அணைந்தே போகும்.

பலர் எர்த் வயரே தேவையில்லை, கொக்கியும் ஊசியும் இரும்புதானே, அதன் வழியே மின்சாரம் திரும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். வண்டி நிற்கும்போது அது உண்மையாகக்கூட இருக்கும். ஓடும்போது கொக்கி ஆடுகிறது; நடுவே கிரீசும் மண்ணும் துருவும் இருக்கின்றன. பட்டறையில் எரிந்த விளக்கு சாலையில் அணைந்த மர்மம் இதுதான்.

எர்த் வயர் ஏன் கெடுகிறது? ரப்பர் பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றுகிறோம். அந்த அமோனியாவுக்குச் செம்பும் பித்தளையும் ஆகாது. ஈரத்தோடு சேர்ந்து அரித்துவிடும். பால் தொட்டி டிரெய்லரின் வயர் முனைகள் பச்சை பூத்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உர மூட்டை ஏற்றும் டிரெய்லருக்கும் இதே கதிதான். செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லரில் மட்டையும் கல்லும் வயரை அறுக்கின்றன.

இனி, பழுதைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறோம். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். இஞ்சின் ஓடும் வண்டிக்கு இடையில் யாரும் குனிய வேண்டாம். கையில் வேண்டியது ஒரு டெஸ்ட் லாம்பு. 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டினால் அதுவே போதும்.

முதற்படி, விளக்கு சொல்லும் குறியைப் படிப்பது. ஒரே ஒரு விளக்கு எரியவில்லையானால் பல்பையோ அதற்குரிய வயரையோ பாருங்கள். இரு பக்கமும் எல்லாமே அணைந்திருந்தால் எர்த்தைச் சந்தேகியுங்கள்; பியூஸ் அடுத்தபடி. சிக்னல் போட்டால் வால் விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பிரேக் மிதித்தால் வால் விளக்கு மங்குகிறதா? அது எர்த் கோளாறேதான். நேர் வழியில் திரும்ப முடியாத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியே திரும்பப் பார்க்கிறது. சிக்னல் மட்டும் வேகமாக அடித்தால் ஒரு பல்பு போயிருக்கலாம். பழைய பிளாஷரோடு எல்.இ.டி. விளக்கு மாட்டினாலும் அப்படி அடிக்கும்.

இரண்டாம் படி, பழுது டிராக்டரிலா டிரெய்லரிலா என்று பிரிப்பது. பிளக்கைக் கழற்றிவிட்டு டிராக்டர் சாக்கெட்டைச் சோதியுங்கள். நாம் அதிகம் காணும் 7 முள் சாக்கெட்டில் 1 இடது சிக்னல், 3 எர்த், 4 வலது சிக்னல், 5 வலது வால் விளக்கு, 6 பிரேக், 7 இடது வால் விளக்கு. 2-ஆம் முள் பின்பனி விளக்குக்கு உரியது. நம் வண்டிகளில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். எர்த் வயர் வெள்ளை நிறம் என்பது முறை. ஆனால் நமக்கு முன்னால் கை வைத்தவர் கிடைத்த வயரைப் போட்டிருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள்.

டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை 3-ஆம் முள்ளில் வைத்து, மறு முனையை மற்ற முட்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒரு தோழர் மேலே உட்கார்ந்து விளக்கு, பிரேக், சிக்னல் போடட்டும். எரியவில்லையானால் முதல் முனையை மட்டும் 3-ஆம் முள்ளிலிருந்து எடுத்துப் பேட்டரியின் நெகட்டிவில் பிடியுங்கள். இப்போது எரிந்தால் டிராக்டர் பக்கத்து எர்த் கெட்டிருக்கிறது. அப்போதும் எரியவில்லையானால் அந்த முள்ளுக்கு வரும் வயரையும் பியூஸையும் பாருங்கள்.

மூன்றாம் படி. டிராக்டர் சரியென்றால் பிளக்கைத் திரும்ப மாட்டி, விளக்குகளைப் போட்டு, ஒரு நீள வயரால் பேட்டரி நெகட்டிவையும் பின்விளக்கின் எர்த் முனையையும் இணைத்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் பழுது பிடிபட்டது. மீட்டர் உள்ளவர்கள் விளக்கெரியும்போதே அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைப் புதுப்பியுங்கள்.

புதுப்பிப்பது எப்படி? பச்சை பூத்த முனையைச் சுரண்டி மாட்டினால் சில நாள்தான் தாங்கும். நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புது முனை வைத்து அழுத்தி, பெயின்டும் துருவும் போகத் தேய்த்த இரும்பில் போல்ட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கொக்கியை நம்பாமல், பிளக்கின் 3-ஆம் முள்ளிலிருந்து இரண்டு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்துவிடுங்கள். வண்டி வளைவில் திரும்பும்போது அறுந்து போகாதபடி கொக்கியருகே வயருக்குத் தளர்வு விடுங்கள். தரையில் உரசும்படியும் விடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பியூஸ் அடிக்கடி போனால், எங்கோ வயர் தோலுரிந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். அடுத்து, டிராக்டர் 12 வோல்ட், பெரிய லாரி 24 வோல்ட். ஒரே டிரெய்லரை இரண்டிலும் மாற்றி மாட்டினால் பல்பு நொடியில் கருகும், அல்லது மினுக்கட்டாம்பூச்சி போல் மங்கும்.

தோழர்களே! பழுது பார்ப்பது எங்கள் வேலை. ஆனால் பழுது இருக்கிறதென்று சொல்வது நம் எல்லோருடைய வேலை. ‘இரண்டு மைல்தானே, ஓட்டிக்கொண்டு போ’ என்று சொல்பவர் டிரெய்லருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரப்போவதில்லை. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கும் கடமை விதிக்கிறது. தொழிலாளிக்கும் தன்னையும் பிறரையும் காக்கும் கடமை விதிக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பிரிவின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். ஆகவே முதலில் சொல்லுங்கள். சொன்னதைத் தேதியோடு எழுதியும் வையுங்கள்.

முடிவாக மூன்று வேண்டுகோள். புறப்படும் முன், ஒருவர் பிரேக் மிதிக்க மற்றொருவர் பின்னால் நின்று பாருங்கள். அப்போது டிரெய்லரைக் கையால் ஆட்டியும் பாருங்கள். விளக்குக் கண்ணாடியிலும் சிவப்புப் பிரதிபலிப்பானிலும் உள்ள சேற்றைத் துடையுங்கள். பல்பும் பியூஸும் உபரியாக வண்டியிலேயே இருக்க வேண்டுமென்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தோழரின் கை பின்னர் கூடியது. மறுபடி கத்தி பிடித்தார். எங்களை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் எங்கள் நெஞ்சில் உறுத்துகிறது. காலையில் வேலைக்குப் புறப்படும் ஒவ்வொருவரும் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு எங்களால் ஆன காவல் இந்த இரண்டு சிவப்பு விளக்குகள்.