திரையில் வரும் மாளிகைகள்

திரைப்படத்தில் பழைய மாளிகையொன்றைக் கண்டு மயங்கியோர், பின்னர் அதனைத் தேடிச் சென்று காண்பது இக்கால வழக்கம். இங்கிலாந்தில் ஹேம்ப்ஷயரிலுள்ள ஹைகிளியர் மாளிகைக்கு இவ்வாறே கூட்டம் திரள்கிறது. 'டவுன்டன் ஆபி' தொலைக்காட்சித் தொடரில் யார்க்ஷயர் மாளிகையாக வேடம் பூண்ட வீடு அது!

நம் நீலகிரியும் வேடம் பூண்டதுண்டு. 1984-இல் வெளிவந்த டேவிட் லீனின் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில், மராபார் குகைகளை நோக்கி ஊர்ந்து செல்வது நம் மலை இரயிலே. கதாசிரியர் ஃபார்ஸ்டர் மனத்திற் கொண்டவை பீகாரின் பராபர் குகைகள். படம் பிடித்ததோ பெங்களூரை அடுத்த சாவன்துர்க்கத்தில். மூன்று நாட்டுப்புறங்கள் ஒரே பயணமாகிவிட்டன! கலைஞனுக்கு இவ்வுரிமை உண்டு. நான் குறை கூறேன். ஆனால், காணச் செல்பவன் வேடத்தோடு நின்றுவிடலாகாது.

உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்திலுள்ள கல் பங்களாவைப் பாருங்கள். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கியது. உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய இல்லம். இத்தகைய வீடு திரையில் வருமாயின், தேநீர் மேசை வரும், நீள் அங்கி அணிந்த சீமாட்டியர் வருவர். தோடர்களின் எருமை மந்தை வருமோ? அந்நிலம் தோடருடையது, ஏக்கர் ஒரு ரூபாய்க்குச் சல்லிவன் வாங்கினார் என்பர். மலை நிலம் தோடருக்கே உரியது என்று பின்னர் அரசாங்கத்தோடு வாதாடியவரும் அதே சல்லிவன்தான்.