சித்திரபானு வருஷத்து ஓடுபாதை

நம் நாட்டில் நெடும்பயணம் என்றதும் கோயில்கள் நினைவுக்கு வரும். அருவிகளும் மலைகளும் நினைவுக்கு வரும். பழைய விமான தளங்களைக் காண்பதற்கென்றே புறப்படுவோர் மிகச் சிலர். அத்தகைய பயணம் ஒன்றுக்கு நான் இப்பொழுது திட்டம் வகுத்து வருகிறேன். மோட்டார் காரில் ஏழு நாள் பயணம். ஊர்களைக் காட்டிலும், அவற்றை எந்த வரிசையில் காண்பது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இப்பயணத்துக்குக் காரணம் என் பாட்டியார். அவர் எழுத்தறியாதவர். ‘ஏரோப்பிளான் மைதானத்துக்குக் கல் சுமந்தேன்’ என்று அடிக்கடி சொல்வார். பாட்டனார் அங்கே கல் உடைத்தாராம். அந்த மைதானம் எது? உளுந்தூர்ப்பேட்டை என்பார் என் பெரியப்பா. தஞ்சாவூர் என்பார் அத்தை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டு ஊர்களிலுமே விமான தளம் இருந்தது. ஆகவே இருவர் சொல்லும் பொருந்தக்கூடியதே. பாட்டியார் விட்டுச் சென்ற சான்று ஒன்றே ஒன்று: ‘அது சித்திரபானு வருஷம்’ என்ற சொல்.

அச்சொல்லை எளிதாக எண்ணிவிடலாகாது. தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருபவை. சென்ற நூற்றாண்டில் சித்திரபானு ஒரு முறைதான் வந்தது. 1942 ஏப்ரல் நடுவில் பிறந்து, 1943 ஏப்ரலில் முடிந்தது. அந்த வேளையில் நாட்டின் நிலை என்ன என்று பாருங்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஏப்ரல் 5ஆம் நாள் அவர்களுடைய கப்பற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. ஒன்பதாம் நாள் திருகோணமலை தாக்குண்டது. சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் பெயர்ந்தன. கடற்கரையைக் காக்க விமானம் வேண்டும்; விமானம் இறங்கத் தளம் வேண்டும்; தளத்துக்குக் கல் வேண்டும். உலகப் போரின் ஒரு சிறு சுமை இவ்வாறுதான் என் பாட்டியார் தலைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய ஒரு சொல்லும் வரலாற்று நூல்களின் தேதிகளும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் கண்டபோதுதான், இது தேடத்தக்க கதை என்ற உறுதி எனக்குப் பிறந்தது.

இனி, வழியை வகுக்க வேண்டும். விமான வரலாற்றை முறைப்படி காண விரும்புவோர் பல்லாவரத்தில் தொடங்குவர். 1910ஆம் ஆண்டில், சென்னையில் ஓட்டல் நடத்தி வந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனியின் உதவியால் செய்த விமானத்தை அங்கேதான் பறக்கவிட்டார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். இவையெல்லாம் சென்னையின் பெருமைகள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. அங்கே சில நாள் தங்கிப் படித்துவிட்டுப் புறப்படலாம் என்று அறிவு சொல்லும்.

ஆயினும் நான் சென்னையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். காரணம் எளிது. 1942இல் பத்து வயதுச் சிறுவனாக நின்று ஓடுபாதை போடுவதை வேடிக்கை பார்த்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. காப்பகத்தின் ஏடு அடுத்த ஆண்டும் அதே அலமாரியில் இருக்கும். பல்லாவரம் எங்கும் போய்விடாது. அந்த முதியவர் அடுத்த மாசி மாதம் இருப்பார் என்று யார் உறுதி கூற முடியும்? அதனால், சென்னையிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் நேராக உளுந்தூர்ப்பேட்டைக்குச் சென்று, சுற்றியுள்ள சிற்றூர்களில் இரண்டு நாள் தங்குவேன். அடுத்த இரண்டு நாள் தஞ்சாவூர். அதன்பின் சூலூர். போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த தளங்களுள் சூலூரும் ஒன்று. 2018 முதல் தேஜஸ் போர் விமானங்கள் அங்கே நிலைகொண்டுள்ளன. தஞ்சாவூரும் 2013இல் இந்திய விமானப் படையின் தளமாகப் புத்துயிர் பெற்றது. உளுந்தூர்ப்பேட்டைத் தளமோ போருக்குப் பின் கைவிடப்பட்டது. ஒரே போரில் பிறந்த தளங்களுக்கு எத்தனை வேறான வாழ்வு!

படைத் தளங்களின் வேலிக்குள் அனுமதியின்றி நுழைவதும், அவற்றைப் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். எனவே அங்கெல்லாம் எனக்கு வேலை வேலிக்கு வெளியேதான். நான் தேடும் மனிதரும் வெளியேதான் இருக்கிறார்கள். மாசியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அறுவடை முடிந்திருக்கும், பெரியவர்களுக்கும் வீட்டாருக்கும் பேச ஓய்வு கிடைக்கும். புல் காய்ந்திருப்பதால் பழைய ஓடுபாதையின் விளிம்பும் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படும்.

முதியவரிடம் என்ன கேட்பது? ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் அவர் திகைப்பார். ‘என் பாட்டனார் இங்கேதானே கல் உடைத்தார்?’ என்று கேட்டாலோ, வந்தவர் மனம் நோகக்கூடாதென்று ‘ஆமாம்’ என்பார். அந்த ‘ஆமாம்’ எதற்கும் பயன்படாது. ஆகவே, கூலி பணமாகக் கிடைத்ததா தானியமாகக் கிடைத்ததா, கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது, குடிநீருக்கு எங்கே போனார்கள், வெளியூர் ஆட்கள் எங்கே குடிசை போட்டார்கள் என்று கேட்கப் போகிறேன். பாட்டியாரும் இவற்றைப் பற்றிச் சில செய்திகள் சொல்லியிருக்கிறார். அவற்றை வாய்விட்டுச் சொல்லாமல், வரும் விடையோடு மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டும் கூடுகிற ஊரே எங்கள் ஊர்.

பிறகு சென்னைக்குத் திரும்புவேன். சோழவரத்தில் போர்க்கால ஓடுபாதை ஒன்று உண்டு. பிற்காலத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்து புகழ் பெற்ற இடம் அது. நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தென்னாட்டின் பல இடுகாடுகளில் சிதறிக் கிடந்த போர்வீரர் கல்லறைகளை அங்கே ஒன்று சேர்த்தார்கள். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் வீரர்களின் பெயர்களைப் படிக்கலாம். லண்டனில் கியூ என்னுமிடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், விமானப் படைப் பிரிவுகளின் அன்றாடச் செயற்குறிப்புகள் இருக்கின்றன. எந்த விமானம் எப்பொழுது ஏறியது, யார் ஓட்டினார் என்பதை அவற்றில் காணலாம். அவ்வாறு பேணுவது நாகரிகமுள்ள செயல். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய செயல். ஆனால், அந்த விமானம் ஏறிச் சென்ற பாதைக்குக் கல் சுமந்த பெண்ணின் பெயரை அந்த ஏட்டில் தேடிப் பயனில்லை. அவள் பெயர் இருக்குமிடம் பேரப்பிள்ளைகளின் நினைவு ஒன்றுதான். அதுவும் ஓரிரு தலைமுறைக்குமேல் நில்லாது.

ஆகவே என் குறிப்பேட்டில் பக்கந்தோறும் மூன்று பத்தி வரைந்து வைத்திருக்கிறேன்: கேட்டது, கண்டது, படித்தது. கேட்டதைக் கண்டதாக எழுதக்கூடாது. படித்ததைக் கேட்டதோடு கலக்கக்கூடாது. மூன்றும் ஒத்துவரும் செய்தியை உறுதியாக எழுதலாம். ஒன்றே உள்ள செய்தியை, ஒன்றே உள்ளது என்று சொல்லி எழுதலாம். குடும்பப் பெருமைக்காக ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்கு ஒரு வரி தாவினாலும், எழுதிய அத்தனையும் நம்பிக்கை இழக்கும்.

மாணவ நண்பர்களே, உங்கள் குடும்பத்திலும் இத்தகைய ஒரு சொல் கிடக்கக்கூடும். பாலம் கட்டிய கதையாக இருக்கலாம். கப்பலேறிய கதையாக, ரயில் பாதை போட்ட கதையாக இருக்கலாம். வரலாற்றுப் பாடம் படித்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்குக் காரும் வேண்டியதில்லை. காப்பகத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள முதியவர் அருகே ஒரு குறிப்பேட்டோடு அமருங்கள். ‘அப்பொழுது கூலி என்ன கொடுத்தார்கள்?’ என்று தொடங்குங்கள். அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்னபடியே எழுதி, கீழே அன்றைய தேதியையும் குறித்து வையுங்கள்.