சிவகங்கைச் சீமையும் ஒரு மகளின் வழக்கும்



அரச குடும்பங்களில் திருமணம் என்பது மணமக்கள் இருவரை மட்டும் பொறுத்ததன்று. நிலமும் அதனோடு கைமாறும். ஸ்காட்லாந்தில் காரிக் என்னும் சிற்றரசு ஆண்வாரிசின்மையால் மார்ஜரி என்ற மகளுக்கு வந்தது. அவரை மணந்தவர் அவ்வுரிமையாலேயே காரிக் பிரபுவானார். அவர்களுடைய மைந்தரே 1306-இல் முடிசூடிய ராபர்ட் புரூஸ்.

நம் சிவகங்கைச் சீமையும் ஒரு திருமணத்தில் வேரூன்றியதே. இராமநாதபுரம் விசய ரகுநாத சேதுபதி தம் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரைச் சசிவர்ணத் தேவருக்கு மணம் முடித்து, ஆயிரம் வீரரைப் பேணுதற்குரிய நிலத்தையும் அளித்தார் என்பர். ஏறத்தாழ 1730-இல் சேது நாடு ஐந்து கூறாக்கப்பட்டபோது இரண்டு கூறு சசிவர்ணருக்கு வந்தது. அவர் மைந்தர் முத்துவடுகநாதர் மணந்ததும் சேதுபதி குலத்து மங்கையையே. அவர்தாம் வீரமங்கை வேலுநாச்சியார்.

1801-இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். கௌரி வல்லபத் தேவரைக் கம்பெனியார் ஜமீன்தாராக்கினர். எழுவரை மணந்தும் அவருக்கு ஆண்மகவு இல்லை. 1829-இல் அவர் மறைந்ததும் அண்ணன் மைந்தர் ஜமீனைக் கைக்கொண்டார். கைம்பெண்கள் வழக்கிட்டனர், பின்னர் மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார்.

வழக்கின் முடிச்சு யாது? பிரிவினை ஆகாத குடும்பத்தின் பொதுச் சொத்தாயின், அது எஞ்சிய ஆண்வழித் தாயாதியரைச் சேரும். ஒருவர் தாமே ஈட்டிய சுயார்ஜிதமாயின், மகனில்லாதபோது முதலில் மனைவிக்கும், பின்னர் மகளுக்கும் செல்லும். குடும்பம் பிரியாதிருந்ததால் ஜமீனும் பொதுவே என்றனர் எதிர்த்தரப்பினர். 1863-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், குடும்பம் ஒன்றாயிருப்பினும் ஒருவருடைய சுயார்ஜிதம் தனிச்சொத்தே எனத் தீர்த்தது. தந்தை மறைந்து முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகள் வென்றார்.

எனினும் அவ்வெற்றிக்கும் ஓர் எல்லை இருந்தது. அக்காலச் சட்டப்படி அவருக்குக் கிட்டியது ஆயுட்கால உரிமையே. தாம் விரும்பியவர்க்கு அவர் அதை எழுதிவைக்க இயலாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் பெண்ணுக்கு முழு உரிமை தந்தது. பிதிரார்ஜிதக் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த பங்கைத் தமிழ்நாடு 1989-இல் வழங்கியது; ஆயினும் அதற்குமுன் மணமானவர்க்கு அது கிட்டவில்லை. 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் அத்தடையை நீக்கியது. அவ்வுரிமை பிறப்பால் வருவது. 2005-இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது.

இது அரண்மனைக் கதைதானே என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ள குடும்பத்திலும் இதே வினா எழுகிறது. “சீர் செய்துவிட்டோமே, பங்கு எதற்கு?” என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவோர் உண்டு. சீர் வேறு, பங்கு வேறு. மனமுவந்து விட்டுக்கொடுப்பது பெருமை. அறியாமல் இழப்பது பெருமையாகாது. ஆதலின் மாணவியரே, எந்தப் பத்திரத்தையும் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். மாணவரே, உடன்பிறந்தாளின் பங்கு நீங்கள் அளிக்கும் கொடையன்று, அவளுடைய உரிமை என்பதை உணருங்கள். காத்தம நாச்சியார் நீதிமன்றத்தில் போராடிப் பெற்றதை உங்கள் வீட்டுப் பெண்கள் கூடத்திலேயே அமைதியாகப் பெறட்டும்.