காத்திராத சதுரங்கம்

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்போது மற்றவர் காத்திருப்பார். 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டில் எவரும் காத்திருப்பதில்லை. விண்ணுலகங்களில் மூன்று இனங்கள் பொருதுகின்றன. டெர்ரன் என்போர் மனிதர்; தம் கட்டடங்கள் சிலவற்றைப் பெயர்த்துப் பறக்கவே விடுவர். ஸெர்க் இனத்திலோ உழைக்கும் உயிரே உருமாறிக் கட்டடமாகிவிடும். புரோட்டாஸ் படை தொகையிற் சிறியது, விலையிற் பெரியது. இத்துணை வேறுபட்டும் எவ்வினத்தைக் கொண்டும் வெல்லலாம். அதுவே இதன் பெருமை.

ஆயின், ஒரு முறையில் 12 வீரரையே தேர்ந்து ஏவ இயலும். புரோட்டாஸின் டிராகூன் எந்திரமோ சரிவுப் பாதையில் வழியறியாது தடுமாறும். எரிச்சல் வாராதிருக்குமா? 2010-இல் வந்த இரண்டாம் பாகம் அவ்வரம்பைத் தகர்த்தது. எனினும் கொரிய வல்லுநர்களின் கைவிரைவு அவ்வரம்புக்குள் வளர்ந்ததன்றோ? 2017-இல் முதற்பாகத்தைப் புதுப்பொலிவுடன் வெளியிட்டபோது, 12 என்ற எண்ணை அவர்கள் தொடவேயில்லை.