பதினேழு பேர்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலேரியா நம் பாட்டனார் காலத்து நோயாயிற்றே என்று எண்ணுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ வேறு கூறுகிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 26 கோடியே 30 லட்சம் முறை இக்காய்ச்சல் கண்டது. 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மாண்டனர். மாண்டவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்க மக்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத மழலைகள்.

அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள். 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிஸ் கொசு பெருகிற்று. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தனர். வறட்சியும் கொசுவை வளர்க்கும் என்பதை நம்மில் பலர் அறியோம். பின்னர் வீடுதோறும் டிடிடி தெளித்து நோயை ஒடுக்கினார்கள். 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தாம்! இனி அஞ்சுவதற்கில்லை என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1969இல் அவ்வெண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டிற்று. மீண்டும் முதலிலிருந்து போராடி, 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று இல்லை என்ற நிலையை எட்டி, 2016 செப்டம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றைப் பெற்றார்கள். இடையில் போன ஐம்பது ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

நாட்டில் நிகழ்ந்தது உடலிலும் நிகழ்கிறது. விவாக்ஸ் வகைக் கிருமி இரத்தத்தில் அழிந்த பின்னும் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழும்பும். அதற்காகவே பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்களுக்குத் தருகிறார்கள். நாமோ மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்ததும் மீதியை அலமாரியில் வைத்துவிடுகிறோம். அம்மீதியைப் பக்கத்து வீட்டாருக்குத் தானம் செய்வோரும் உளர்! கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது. வேறு சிலருக்கோ இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். இரத்தத்தைப் பரிசோதித்து மருத்துவர் யாருக்குத் தந்தாரோ அவர் மட்டுமே, அவர் சொன்ன நாள்வரை உண்ண வேண்டும்.

ஆப்பிரிக்க நாடுகளில் தொழில் செய்து திரும்பும் நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலில் கூறட்டும், அன்றே பரிசோதித்துக்கொள்ளட்டும். ஃபால்சிபாரம் வகை 24 மணி நேரத்திற்குள் முற்றி உயிரைப் பறிக்க வல்லது.

கொசு என்றால் சாக்கடையையே பழிக்கிறோம். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசுவோ கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் உள்ள தெளிந்த நீரையே நாடும். நம் பள்ளியின் ஹவ்ளில் மீன் விட்டிருக்கிறோம்; கொசுப்புழுக்களை அது தின்றுவிடும். ஆனால், மாடித் தொட்டியின் மூடி உடைந்து இரண்டு மாதங்கள் திறந்து கிடந்ததை, தினமும் அந்நீரில் ஒளுச் செய்த நாம் எவரும் கவனிக்கவில்லை. இப்போது புதிய மூடி போட்டாயிற்று. அச்செலவை இவ்வாண்டு வரவு செலவுக் கணக்கில் காண்பீர்கள்.